அம்மாவுக்காகப் பேசியவள்

மேடையில் நின்ற இளைஞன் எல்லோரையும் எழுந்து கையை உயர்த்தச் சொன்னான். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலின் இரண்டாம் மாடி. இருநூறு பேர் இருந்திருப்போம். 'என்னால் முடியும்' என்று மூன்று முறை கத்த வேண்டும். நானும் கத்தினேன். பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள், ஆனால் கையை உயர்த்தவில்லை. இரண்டு கைகளாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, வங்கி வரிசையில் நிற்பவளைப் போல முன்னால் இருந்தவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது காரில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"காலையிலேருந்து கத்துறானே அந்தப் பையன், தொண்ட வலிக்காதா அவனுக்கு?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா பழையபடி பேசுகிறாளே என்ற சந்தோஷத்தில் அன்று மாலையே அடுத்த மாத வகுப்புக்கும் அவள் பெயரைக் கொடுத்தேன்.

அப்பா இறந்து எட்டு மாதம் கழித்து, கிள்ளான் வாடகை வீட்டைக் காலி செய்து அம்மாவைப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். பதினேழாவது மாடி. சன்னலைத் திறந்தால் ரயில் போவது தெரியும். அம்மா கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவள். முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு. இங்கே வந்த பிறகு காலை எட்டு மணிக்குள் இரண்டு பேருக்கான சமையல் முடிந்துவிடும். நான் ஆபீஸிலேயே சாப்பிட்டுவிடுவேன் என்பதால் உண்மையில் அது ஒருவருக்கான சமையல். அதற்குப் பிறகு மாலை ஏழு மணிவரை அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை. டிவி இருக்கிறது, கீழே கோயில் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் தூக்கம் போனது. பிறகு சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாரில் உப்பே இல்லை. அதை நான் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்போதுகூட "அப்படியா?" என்று கேட்டாளே தவிர, எழுந்து உப்பு எடுக்கப் போகவில்லை. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

பயம் வந்தால் நான் பட்டியல் போடுகிறவள். என் வேலையே அதுதான். கம்பெனியில் ஊழியர் நலன் பிரிவு. மன அழுத்தம் பற்றிப் பேச ஆட்களை அழைத்து வருவது, யாருக்கு எந்த மாதிரி உதவி என்று கட்டம் போட்ட தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது எல்லாம் நான்தான். அதே மாதிரி ஒரு கட்டத்தை அம்மாவுக்கும் போட்டேன். பெட்டாலிங் ஜெயா வகுப்பு அதில் முதல் வரி. கன்னையா மாமா கண்ணு பட்டிருக்கிறது என்று சொல்லி மந்திரித்த கயிறு கட்டிவிட்டார். அதுவும் ஒரு வரி. பங்சாரில் ஒரு கவுன்சலரிடம் போனோம். தமிழ்ப் பெண்தான், மெதுவாகப் பேசினாள். அம்மா எல்லாக் கேள்விக்கும் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று அந்தப் பெண்ணிடமே விசாரித்து, தீபாவளிக்கு வீட்டுக்கும் அழைத்தாள். முழு நேரமும் நான் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வரும்போது அந்தப் பெண், அடுத்த தடவை அம்மா மட்டும் உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். அம்மாவுக்குத் தனியாக உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை என்றேன். அந்த வரிக்கு நேராக 'பலன் இல்லை' என்று எழுதினேன்.

அந்த வாரத்தில்தான் துணிகள் ஹாலில் காய ஆரம்பித்தன. பால்கனியை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டதற்கு, அம்மா கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். புறா வந்து அசிங்கம் பண்ணுகிறது, சாவி உன்னிடமே இருக்கட்டும் என்றாள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கட்டத்தில் கடைசி வரி அரசாங்க கிளினிக். அதைக் கடைசியில் போட்டதற்குக் காரணம் உண்டு. அங்கே கார்டு போடுவார்கள், அதில் எழுதுவார்கள், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். ஊழியர்களுக்கு ஒட்டும் தாளில் 'வெட்கப்பட ஒன்றுமில்லை' என்று நானே அச்சடித்திருக்கிறேன்.

டாக்டர் இளம் மலாய்ப் பெண். தமிழ் பேசும் நர்ஸ், மிஸ்ஸி ஒருவர் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்று முதலிலேயே கேட்டார். வேண்டாம், மகள் நான் இருக்கிறேனே என்றேன். பிறகு நானும் டாக்டரும் ஆங்கிலத்தில் பேசினோம். தூக்கம் எத்தனை மணி நேரம், பசி உண்டா, எடை குறைந்திருக்கிறதா. நாலைந்து கேள்விகள் போன பிறகுதான், ஒன்றைக்கூட அம்மாவிடம் கேட்காமல் நானே பதில் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு உறைத்தது. அம்மா சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அம்மா பக்கம் திருப்பினார். மாக்சிக், ஆன்ட்டி என்று அழைத்து, மலாயில், நிறுத்தி நிறுத்திக் கேட்டார். இனி உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?

எளிய மலாய். இருபத்திரண்டு வருடம் கேண்டீனில் மலாய்க்காரப் பெண்களோடு சண்டை போட்டும் சிரித்தும் வேலை செய்தவளுக்குப் புரியாமல் போகாது. ஆனால் அம்மா டாக்டருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப அலுப்பா இருக்கான்னு கேக்குறாங்கம்மா."

அதை நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். அம்மாவைக் காப்பாற்றச் சொன்னேன் என்று கொஞ்ச நாள் நம்பினேன். அது இல்லை. அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டால் கேட்டவள் நானாகிவிடுவேன். பதிலும் தமிழில், என் வீட்டு மொழியில் வரும். அதைக் கேட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா. அலுப்புதான்னு சொல்லு."

சொன்னேன். டாக்டர் எதையும் எழுதவில்லை, காத்திருந்தார். கைக்குட்டைக்காகப் பைக்குள் கைவிட்டேன். விரலில் பால்கனிச் சாவி பட்டது. பதினேழாவது மாடியில் பகல் முழுக்கத் தனியாக இருந்தவள் அந்தக் கதவைப் பூட்டி, சாவியைத் தன் கைக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அவள் சொல்ல வேண்டியதை அன்றே சொல்லிவிட்டாள். நான்தான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு தினமும் ஆபீஸுக்குப் போய் வந்திருக்கிறேன்.

டாக்டரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் முழங்காலில் கை வைத்தாள்.

"ப்ரியா, நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

"நான் என்ன தப்பா..."

"தப்புன்னு இல்ல. நீ பக்கத்துல இருந்தா நான் நல்லாருக்கேன்னு சொல்லிருவேன்."

அடுப்பைச் சிம்மில் வை என்று சொல்கிற அதே குரல். பிறகு டாக்டரைப் பார்த்து, கேண்டீன் மலாயில், அந்தத் தமிழ் மிஸ்ஸியைக் கூப்பிட முடியுமா என்று கேட்டாள். தனக்கு மலாய் வரும், ஆனால் இதைச் சொல்ல அது பத்தாது என்றாள். நான் எழுந்ததும் அம்மா எனக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள்.

மிஸ்ஸி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அம்மாவை விட ஒன்றிரண்டு வயது குறைந்தவராக இருப்பார். தமிழ்தான் பேசுவார்கள், நின்று கேட்டால் எனக்குக் கேட்கும். நான் வராந்தாவின் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அங்கிள், தன் நம்பர் சீட்டை விரலில் சுருட்டியபடி சுவரில் இருந்த நம்பர் போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றாம் அறைக்கு நம்பர் மாறியது. மூன்றாம் அறைக்கு இரண்டு முறை மாறியது.

"நாலாம் நம்பர் ரூம்ல யாரு லா? அரை மணி நேரமா நம்பரே நகரல. உள்ள படுத்துட்டாங்களா?"

"எங்கம்மா, அங்கிள்," என்றேன். "பேசிக்கிட்டு இருக்காங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். போர்டில் ஒன்று, இரண்டு, மூன்றாம் அறைகளுக்குச் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. நாலுக்கு நேராக 4012 அப்படியே நின்றது.