ரொட்டி வாட்டிய வாள்

“இந்தாங்க, கேப்டன். இதை எடுத்துக்கிட்டுப் போங்க” என்று மாபெல் ஹாஸ்கெல் வாளை உறையோடு நீட்டியபோது ட்ரெஸிடருக்குக் கை எழவில்லை.

ஹாரிச் துறைமுகத்தைப் பார்த்த அந்த வாடகை வீட்டுக்கு அவர் துக்கம் விசாரிக்கத்தான் வந்திருந்தார். அவர் தலைமையேற்றிருந்த ‘டன்லின்’ என்னும் நாசகாரிக் கப்பல் மூடுபனியில் மணல்திட்டின்மீது ஏறி, முதுகொடிந்து, ஆட்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டது. அப்படி மாண்ட மாபெலின் கணவன் எட்வின் அதில் இரண்டாம் நிலை அதிகாரி; அவன் வீட்டில் விட்டுப்போன வாள்தான் இது. கப்பலை இழந்த கேப்டன், தவறு யாருடையதாயினும், கடற்படை நீதிமன்றத்தின்முன் நின்றே ஆகவேண்டும். நிற்கும்போது தன் வாளைக் கழற்றி மேசைமேல் ஒப்படைக்கவேண்டும். ட்ரெஸிடரின் வாளோ கப்பலோடு மூழ்கிவிட்டது.

“உருவிப் பாத்தா சிரிக்கக்கூடாது. முனை கறுத்திருக்கும்” என்றாள் மாபெல். “ஞாயித்துக்கிழமையானா கணப்பு முன்னால உக்காந்து இதுல ரொட்டியைக் குத்தி வாட்டுவாரு. அதுக்குன்னு ஒரு கம்பி வாங்குங்கன்னா, ‘ராஜாவோட கம்பியே இருக்கறப்ப வேற எதுக்கு’ம்பாரு.” சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“வேற யார்கிட்டயாவது கேட்டு வாங்கிக்கறேன், மிசஸ் ஹாஸ்கெல்.”

“அவரு உங்க பக்கத்துல நின்ன மாதிரி இருக்குமே.”

அவர் வாளை வாங்கிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் ட்ரெஸிடருக்காக வாதாட முன்வந்தவர் பழைய தோழர் பெர்சி வின்டர். விசாரணைக்கு முந்தின நாள், அதிகாரிகளின் விடுதியில், புகையிலைக் குழாயைப் புகைத்தவாறே அவர் வழி சொன்னார்.

“மேல்தளத்துல நின்னவங்கள்ல நீ ஒருத்தன்தானப்பா மிச்சம். அந்த நேரம் கப்பலை நடத்தற காவல் யாரோடது? ஹாஸ்கெலோடது. நீ கீழ வரைபட அறையில இருந்த. அவ்வளவுதான். அதுக்குமேல வாயைத் திறக்காத.”

“நான் கீழ இல்ல, பெர்சி.”

“இருந்தன்னு சொல்லு. செத்தவனைப் பதவியிலேருந்து யாரு இறக்கப்போறா? உனக்கு அடுத்த வருஷம் ஒரு முழுக் கப்பல் அணியே காத்துக்கிட்டிருக்கு. முட்டாள்தனம் பண்ணாத.”

இறந்தவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான் என்பதைச் சட்டம் படித்தவரும் படியாதவரும் ஒரே வேகத்தில் கண்டுபிடித்துவிடுகின்றனர். ட்ரெஸிடரும் அதைக் கண்டுபிடித்திருந்தார். வின்டர் சொல்வதற்கு முன்பே. மீசை அரும்பிய நாள்முதல் அவர் வாழ்ந்ததெல்லாம் இந்த ஒல்லியான, எப்போதும் நனைந்த, எண்ணெய் நாறும் கப்பல்களில்தான். பெரிய போர்க்கப்பல்களின் வெள்ளிக் கரண்டிகளை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. இவற்றைப் பறித்துக்கொண்டால் அவரிடம் எஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

காலையில் விசாரணையை அறிவிக்கும் ஒற்றைப் பீரங்கி முழங்கியது. நங்கூரமிட்டிருந்த பழைய கப்பலின் பெரிய அறையில், பச்சைத் துணி விரித்த மேசையின்மேல் எட்வினின் வாள் உறையின்றிக் கிடந்தது. கறுத்த முனையைக் கண்ட இளம் அதிகாரி ஒருவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

“மூடுபனியில வேகத்தைக் குறைக்காதது யாரோட முடிவு?” என்று கேட்டார் நீதிமன்றத் தலைவர்.

வின்டர் தொண்டையைச் செருமினார். ட்ரெஸிடர் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னோடது, சார். வேகத்தைக் குறைச்சு, ஆழம் பாத்துக்கிட்டே போகலாம்னு லெப்டினன்ட் ஹாஸ்கெல் சொன்னாரு. மறுபடியும் சொன்னாரு. மெதுவாப் போனா எதிரியோட நீர்மூழ்கி அடிச்சிடும்னு நினைச்சு நான் கேக்கல. வாயை மூடுன்னுகூடச் சொன்னேன்.”

வெளியே காத்திருந்து, அழைப்பு வந்ததும் அவர் மீண்டும் உள்ளே நுழைந்தார். வாளின் பிடி தம்மை நோக்கியிருந்தால் விடுதலை. ஆனால் ரொட்டி வாட்டிக் கறுத்த முனை அவரை நோக்கியிருந்தது. கடும் கண்டனம், இனி அவருக்குக் கப்பல் இல்லை.

மாலையில் வாளைத் திருப்பித் தரச் சென்றபோது மாபெல் கணப்பின்முன் இருந்தாள். அவர் உட்காரவில்லை; நீதிமன்றத்தில் சொன்னதை ஒரு சொல்லும் குறையாமல் அவளிடமும் சொன்னார். எட்வின்மேல் பழியில்லை என்று தெரிந்தால் அவளுக்கு ஆறுதலாயிருக்கும் என வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

அவள் கணப்பின் கனலைக் கிளறிவிட்டாள்.

“பனிதான் கொன்னுடுச்சுன்னு நினைச்சிருந்தேன்” என்றாள் பிறகு. “பனிமேல கோபப்பட முடியாது. அது சுலபமா இருந்துச்சு.”

“மிசஸ் ஹாஸ்கெல்…”

“அவரு சொன்னது சரின்னு தெரிஞ்சும் நீங்க கேக்கலியா, இல்ல தெரியாமலா?”

“தெரிஞ்சுதான்.”

அவள் வாளை வாங்கி, அறுத்து வைத்திருந்த ரொட்டிக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். அதன் முனை எந்தப் பக்கம் இருந்ததென்று அவள் கவனிக்கவில்லை. அவரும் குனிந்து பார்க்கவில்லை. கெண்டியிலிருந்து ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றினாள். பிறகு அலமாரியைத் திறந்து இன்னொரு கோப்பையை எடுத்தாள். எடுத்தவள் அதை மேசையில் வைக்காமல், அலமாரிக்குள் திருப்பியும் வைக்காமல், இரு கைகளாலும் பிடித்தபடி அவருக்கு முதுகுகாட்டி நின்றுகொண்டிருந்தாள்.