கண்ணாடியின் மூடி

வெள்ளவத்தையில் தொலைநோக்கி செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். சேலைக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் நட்சத்திரம் பார்க்கிற குழாயா என்பார்கள். ஆனால் இருந்தது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. யுத்தம் நடந்த தொண்ணூறுகளில், ஒரு தமிழன் டோர்ச் லைட் வைத்திருந்தாலே நாலு கேள்வி கேட்ட காலத்தில், இவர்கள் ஆள் உயரக் குழாய் செய்து ஆராய்ச்சிக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். துணிச்சல் என்பதோ, புத்திகெட்ட வேலை என்பதோ உங்கள் விருப்பம்.

கம்பெனி என்றால் மூன்று பேர். முதலாளி நவரத்தினம், கணக்கும் கண்ணும் அவருடையவை. பங்காளி பௌஸி, இரத்மலானைப் பட்டறையில் குழாய் நிற்கிற இரும்புத் தாங்கியைச் செய்விப்பவர். கந்தோர், பொலிஸ், ஆமி என்று சிங்களத்தில் கதைக்க வேண்டிய இடமெல்லாம் அவர்தான் போவார். மூன்றாவது ஆள் கொட்டாஞ்சேனைப் பற்றிக். கண்ணாடி தேய்ப்பது அவன். ஒரு தடித்த கண்ணாடி வட்டத்தை மாசக்கணக்காய்த் தேய்த்துத் தேய்த்து, குழிய வைத்து, மெருகேற்றி எடுப்பான். கடைசியாக அவன் செய்து முடித்தது பெரிய சோற்றுத் தட்டு அகலத்தில் ஒன்று. ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய தொலைநோக்கிக்கு அதுதான் உயிர்.

அப்படி ஒரு கண்ணாடி சரியா பிழையா என்று நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் அந்த நாளில் இருட்டினபிறகு மொட்டைமாடியில் குழாயோடு நிற்க எவனுக்குத் துணிவு வரும்? அதனால் இவர்கள் பட்டப்பகலில் நட்சத்திரம் செய்தார்கள். பெயாரிங்குக்குள் இருக்கிற போளை என்கிற இரும்பு உருண்டை ஒன்றைத் தூரத்து மாடியில் வைத்தால் அதில் வெயில் பட்டு ஊசிமுனை அளவில் ஒரு மினுக்கம் தெரியும். குழாய்க்குள்ளால் பார்க்க அது நட்சத்திரமேதான். மினுக்கம் வட்டமாய் நின்றால் கண்ணாடி நல்லது. வால் முளைத்தால் திரும்பவும் தேய்க்க வேண்டியதுதான்.

இதற்கு இரண்டு வழக்கம் வைத்திருந்தார்கள். இரண்டு ஒழுங்கை தள்ளியுள்ள பிளாட் மாடியில் போளை வைக்க முதல், பௌஸி போய்ச் சந்தியிலுள்ள சென்ரியில், அந்தக் காவலரணில் நிற்கிற ஆமிக்காரரிடம் சொல்லிவிட்டு வருவார். அவர் வந்து தலையாட்டினால்தான் பற்றிக் ஏறுவான். மற்றது மூடி. கடற்காற்றின் உப்பும் ஒரு துளி மழையும் கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிடும். ஆகவே என்ன நடந்தாலும் முதலில் கண்ணாடியை மூடு, பிறகு என்ன நடந்தது என்று கேள் என்பது சட்டம். பலகையில் மூடி வெட்டி, அலுமாரிக் கைப்பிடி ஒன்றை அதில் பூட்டியவனும் பற்றிக்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போளை இருக்கிற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், குழாயின் அடியிலுள்ள கண்ணாடி முழுத் தட்டாய்ப் பளிச்சென்று தெரியும். ஒரு எட்டு விலகினால் காணாமல் போய்விடும். பற்றிக் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து ஒருக்கால் கையசைப்பான். குழாயில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்பதால், நவரத்தினத்துக்கு அவன் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டு கையசைப்பது தெரியும். சிரிப்பார்.

அன்று வெள்ளிக்கிழமை. புதன்கிழமை பல்கலைக்கழகத்தார் வருகிறார்கள். பௌஸி இரத்மலானையில் மாட்டிக்கொண்டார். வெயிலோ மண்டையைப் பிளந்தது. கடல் பக்கம் மப்பு ஏறினால் மத்தியானத்தோடு வெயில் போய்விடும் என்று நவரத்தினத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பௌஸி வரும்வரை காத்திருக்க ஏலாது, ஐந்து நிமிச வேலை, நீர் போய் வையும் என்றார்.

"சென்ரியில சொல்லேல்லையே சேர்," என்றான் பற்றிக்.

"நான் இஞ்ச பார்த்துக்கொண்டுதானே நிக்கிறன். ஏதும் எண்டால் நான் வருவன்."

அவன் போனான். மாடியில் தகரக் கொட்டில் ஒன்று அடித்து அதற்குள்தான் குழாயை வைத்திருந்தார்கள். நவரத்தினம் கொட்டிலின் கதவைத் திறந்து கண்ணை வைத்தார். போளை மினுங்கியது. வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம், கண்பட்டுவிடும்! மாசக்கணக்கான உழைப்பு வீண்போகவில்லை. பற்றிக் தலைகீழாய் நின்று கையசைத்தான். அவன் நெஞ்சும் முகமும் மட்டுமே அடங்குகிற அந்த வட்டத்துக்குள், பக்கத்திலிருந்து ஒரு பச்சைச் சட்டைக் கை நுழைந்தது.

கொலரைப் பிடித்தார்கள். பற்றிக்கின் வாய் அசைந்தது. அடையாள அட்டை எடுத்தான், போளையைக் காட்டினான். பிறகு கையை நீட்டி நேரே நவரத்தினத்தின் கண்ணுக்குள் விரலைக் காட்டினான். எங்கள் சேர் அங்கே நிற்கிறார், அவரைக் கேளுங்கள் என்கிறான். சத்தமில்லாமலே அவருக்குக் கேட்டது. தொப்பி போட்ட இரண்டு தலைகள் அவர் பக்கம் திரும்பின.

நவரத்தினம் மூடியை எடுத்துக் கண்ணாடியை மூடினார். கொட்டில் கதவை இழுத்துச் சாத்தினார். தண்ணித் தாங்கிக்குப் பின்னால் போய்க் குந்தினார்.

கை தன்பாட்டில் செய்துவிட்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பழகின கை, ஆபத்து என்றதும் மூடியைத் தேடியது என்றார். பாவம் அந்தக் கை! அது தாங்கிக்குப் பின்னால் குந்தச் சொல்லவில்லையே. அவருடைய மச்சினன் இப்படித்தான் ஒரு லொட்ஜில் பிடிபட்டு, பத்து மாசம் கழித்து வேறொரு ஆளாய் வீட்டுக்கு வந்தவன். அந்த முகம்தான் அவரைக் குந்த வைத்தது. பயம் பொல்லாதது, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு ஒழுங்கை நடந்து போய் இவன் என்னுடைய ஆள் என்று சொல்வதற்கு ஐந்து நிமிசம்தான் தேவைப்பட்டிருக்கும்.

பின்னேரம் பௌஸி ஓடிவந்தார். சந்தியிலேயே கேள்விப்பட்டுவிட்டார்.

"நீங்க மேல இருந்தீங்களா நவம்? பார்த்தீங்களா?"

"இல்லை. நான் கீழ இருந்தனான்," என்றார் நவரத்தினம்.

பௌஸி பல்கலைக்கழகக் கடிதங்களை அள்ளிக்கொண்டு பொலிசுக்குப் போனார். கொட்டாஞ்சேனையிலிருந்து பற்றிக்கின் மனிசி பிலோமினா பஸ் பிடித்து வந்து, கம்பெனிப் படியில் செபமாலையோடு இருந்தாள். அழவில்லை, ஏசவுமில்லை. சேர் பார்த்துக்கொண்டு நிற்பார், பயமில்லை என்றுதான் தன் புருசன் எப்போதும் சொல்லுவார் என்று மட்டும் சொன்னாள். நவரத்தினம் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். நீட்டும்போதே அதில் பாதி படியில் சிந்தியதைக் கண்டு, அவள்தான் அவருக்கு ஆறுதல் சொன்னாள். அதைக் கேட்டபோது மனிசனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் பொலிசில் நவரத்தினத்தையும் விசாரித்தார்கள். கேள்விகளை பௌஸி சிங்களத்திலிருந்து திருப்பிச் சொன்னார். ஆள் என்னுடையவன், குழாயும் என்னுடையது, எல்லாம் படிப்புக்கு என்றார் நவரத்தினம். அந்த நேரம் மேலே நின்றீரா என்ற கேள்விக்கு மட்டும் இல்லை என்றார். பொறுப்பதிகாரி குழாயைப் பார்க்கவேண்டும் என்று நேரில் வந்தார். பௌஸி கொட்டிலைத் திறந்துவிட, அதிகாரி துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பல் தலைகீழாய் மிதப்பதைப் பார்த்துக் குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். அன்று பின்னேரமே பற்றிக்கை விட்டார்கள்.

இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு அவன் வேலைக்கு வந்தான். இடது காதில் பஞ்சு வைத்திருந்தான். பௌஸி பிளேன் ரீ ஊற்றிக் கொடுத்து, அந்தக் காதுக்கு என்ன என்று விசாரித்தார்.

"அங்க கண்ணாடியும் இல்லை, ஆளும் இல்லை, பொய் சொல்லுறாய் எண்டு அறைஞ்சவங்கள். இந்தக் காது இனிக் கேட்காதாம். டொக்டர் சொன்னவர்." பற்றிக் ஒரு மிடறு குடித்தான். பிறகு நவரத்தினத்தின் பக்கம் திரும்பினான். "கண்ணாடி நல்லா வந்திருக்கு சேர். நான் அங்க இருந்து பார்த்தனான், தட்டு முழுக்க வெளிச்சம். நான் கை காட்டின உடனதான் தட்டு இருட்டினது. மழை ஏதும் தூறினதோ?"

பௌஸியின் கோப்பை பாதிவழியில் நின்றது.

நவரத்தினம் வாயைத் திறந்தார். உண்மை நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதைத் துப்பியிருந்தால் அவருக்கும் நல்லது, எனக்கும் இந்தக் கதை சொல்கிற வேலை இல்லை. ஆனால் பற்றிக் நீட்டின மழை அவருக்குப் பிடித்து நிற்க ஒரு கொப்பாய்த் தெரிந்தது.

"ஓம்," என்றார். "தூறினமாதிரி இருந்தது."

வெயில் இல்லாவிட்டால் போளை மினுங்காது. இது அந்த மூன்று பேருக்கும் சோறு போட்ட அறிவு. பௌஸி கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தார். நவரத்தினத்தின் முகத்தைப் பார்க்காமல், போளையைத் திரும்ப வைத்துப் பார்க்கவேண்டும், தான் சென்ரியில் சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லிப் படியிறங்கினார்.

"தூறினால் மூடத்தான் வேணும்," என்றான் பற்றிக். காற்சட்டைப் பையிலிருந்து அந்த இரும்புப் போளையை எடுத்தான். பொலிசில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதை நவரத்தினத்தின் முன்னால் உருளாமல் வைத்தான். "பல்கலைக்கழகத்து ஆக்கள் நாளைக்கு வருகினம். இந்த முறை நீங்கள் கொண்டுபோய் வையுங்கோ சேர். கண்ணாடியடியில நான் நிக்கிறன்."

நவரத்தினம் போளையை எடுத்துக்கொண்டு எழும்பினார். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பயப்பிடாதேங்கோ. மழை பெய்தாலும் நான் மூடமாட்டன்."

பிளாட் மாடியில் வெயில் கொதித்தது. அவர் போளையை மாடிச் சுவரின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தூரத்துக் கொட்டிலுக்குள் கண்ணாடி முழுத் தட்டாய் எரிந்தது. சற்றுநேரத்தில் ஆமிக்காரன் ஒருவன் மேலே ஏறிவந்து அடையாள அட்டையைக் கேட்டான். பௌஸி சொல்லிவைத்தும் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. விரலை நீட்டி அந்த வெளிச்சத்தைக் காட்டினார். அவன் கிட்ட வந்து எட்டிப் பார்த்தான், கண்டான், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

வெளிச்சம் அணையவில்லை. குழாயின் மறுமுனையில் பற்றிக் தன்னைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். ஒருக்கால் கையசைப்பதுதான் அங்கே வழக்கம். நவரத்தினம் நெடுநேரம் நின்றார். கை எழும்பவில்லை.