வலது தோளில் ஓர் ஈய எழுத்து

எக்ஸ்ரே பிரிவில் அவளுக்கு ஈயக்கா என்று பேர். பத்தொன்பது வருடமாகக் கோட்டுப் பையில் இரண்டு ஈய எழுத்துகளோடு திரிகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? வலப்பக்கத்துக்கு ஓர் 'ஆர்', இடப்பக்கத்துக்கு ஓர் 'எல்'. படம் எடுக்கும் முன் நோயாளியின் தோளருகே பலகையில் ஒட்டிவிட்டால் எழுத்தும் உடம்போடு சேர்ந்து படத்தில் விழுந்துவிடும். புது மிஷின் வந்த பிறகு மற்றவர்கள் அந்தத் தொல்லையை விட்டுவிட்டார்கள். படம் வந்தபின் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் மட்டும் கேட்கவில்லை.

"ஆள் நிக்கும்போதே பக்கத்தைச் சொல்லிடணும். ஆள் போனப்புறம் யோசிச்சு ஒட்டுறதுக்கு இது என்ன தபால்தலையா?" என்பாள்.

துறைத் தலைவரான பெரிய டாக்டருக்கு இந்த வாய்தான் ஆகவே ஆகாது.

அன்று முற்பகல், சக்கர நாற்காலியில் ஒரு பெயிண்டரைத் தள்ளிக்கொண்டு அவன் மனைவி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கைவரை வெள்ளைப் பெயிண்ட் தெறித்து உலர்ந்திருந்தது. இரண்டு நாளாக அடிவயிற்றில் வலி, காய்ச்சல், வாந்தி. அவசரப் பிரிவின் சின்ன டாக்டர் சீட்டில் 'நெஞ்சு, வயிறு' என்று எழுதி அனுப்பியிருந்தார்.

"எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்டாள் ஈயக்கா.

அவன் அடிவயிற்றின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான். தொட்ட விரலே வலியில் பின்வாங்கியது.

"கொஞ்ச நேரம் நிக்கணும்பா. முடியுமா?"

"ஏணி மேல நாள் முழுக்க நிக்கிறவன்க்கா நான்" என்றவன், எழுந்த வேகத்திலேயே கேள்விக்குறி மாதிரி வளைந்துபோனான்.

அவள் அவசரப்படவில்லை. நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்கவைத்தாள். முகவாயைத் தூக்கிப் பலகையின் விளிம்பில் வைத்தாள். புறங்கைகளை இடுப்பில் ஊன்றச் சொல்லி, முழங்கைகளை முன்னால் தள்ளினாள். அப்படித் தள்ளினால்தான் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை மறைக்காமல் விலகும். வலது தோளுக்கு மேலே 'ஆர்' எழுத்தை ஒட்டிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

"மூச்சை நல்லா இழுங்க. இன்னும். அப்படியே பிடிச்சுக்கோங்க."

படம் திரையில் விழுந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இதயத்தின் முனை 'ஆர்' இருக்கும் பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரைப்பையின் காற்றுக் குமிழ் இடது உதரவிதானத்துக்குக் கீழே இருக்கவேண்டியது. அதுவும் வலப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். எழுத்து அவன் வலது தோளுக்கு மேலேதான் இருந்தது. வெளியே போய், தொட்டும் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

"இதுக்கு முன்னாடி நெஞ்சைப் படம் எடுத்திருக்கீங்களா?"

"கல்யாணத்துக்கு எடுத்ததுதான்க்கா" என்றான் அவன். அந்த வலியிலும் சிரிக்கப் பார்த்தான்.

அவனைப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லி வயிற்றையும் எடுத்தாள். அதிலும் அதே கதை. கல்லீரலின் நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது. அவள் படிப்பு முடித்த வருடம் பாடத்தில் ஒரே ஒரு படமாகப் பார்த்த விஷயம் இது. உள்ளுறுப்புகள் எல்லாமே பக்கம் மாறிப் பிறக்கிறவர்கள் உண்டு, ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். அப்படியானால் வலப்பக்கம் இருக்கவேண்டிய குடல்வாலும், அதாவது அப்பெண்டிக்ஸும், இவனுக்கு இடப்பக்கம்தான் இருக்கும். காய்ச்சல், வாந்தி, இடது அடிவயிற்று வலி.

படத்தோடு பெரிய டாக்டரின் அறைக்கு ஓடினாள். அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"பக்கத்தை மாத்தி வச்சிருக்கே."

"இல்ல டாக்டர். அவருக்கு எல்லாமே பக்கம் மாறியிருக்கு. குடல்வாலா இருக்கலாம்."

"நோய் சொல்றது யார் வேலை?" அவர் மவுஸை நகர்த்தி ஒரு தட்டு தட்டினார். படம் இடம் வலமாகத் திரும்பியது. இதயம் இடப்பக்கம் வந்தது. "இப்ப பாரு. ஆரோக்கியமான நெஞ்சு."

"எழுத்தையும் பாருங்க டாக்டர். கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பி நிக்குது."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் இறங்கிவரவில்லை. "சரி, படம் திரும்பல. நீ எழுத்தைத் தப்பான தோள்ல ஒட்டியிருக்கே. அழிச்சிட்டுக் கம்ப்யூட்டர்ல சரியா போடு. இல்லன்னா திரும்ப ஒண்ணு எடு."

"ரெண்டும் செய்யமாட்டேன்."

அறையில் இருந்த டைப்பிஸ்ட்டின் விரல் நின்றுவிட்டது.

"என்ன சொன்னே?"

"திரும்ப எடுத்தாலும் இதேதான் வரும். வீணா இன்னொரு தடவை அவர் மேல கதிரைப் பாய்ச்சமாட்டேன். எழுத்தையும் அழிக்கமாட்டேன். ஆள் அஞ்சு எட்டு தூரத்துல உக்காந்திருக்காரு. வந்து நெஞ்சுல கை வச்சுப் பாருங்க."

"நான் படம் படிக்கிறவன். யார் நெஞ்சையும் தடவிப் பாக்க வேண்டிய அவசியம் எனக்கில்ல." அவர் குரல் உயர்ந்தது. "நீ சுவிட்ச் அமுக்குறவ. அமுக்கிட்டே. போ."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் அவள் கண்ணெதிரிலேயே அறிக்கையைச் சொல்ல, டைப்பிஸ்ட் தட்டினாள். நெஞ்சு சரியாக உள்ளது, பக்க அடையாளம் ஊழியரின் பிழை, குடலில் மலம் தேங்கியுள்ளது. அவ்வளவுதான். பத்தொன்பது வருட உழைப்பு ஒரே வரியில் 'ஊழியரின் பிழை' ஆகிவிட்டது. அவளுக்குக் காது மடல் சுட்டது. அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்தான்.

கால் மணி நேரத்தில் அவசரப் பிரிவு அறிக்கையைப் பார்த்து, வயிறு இளக மருந்து எழுதிக் கொடுத்து, பெயிண்டரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டது. அடுத்த நோயாளியை உடன் வேலைபார்க்கும் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது, சக்கர நாற்காலி வாசலை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நில்லும்மா!" என்று கத்தினாள். நடைபாதையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஓடிப் போய் நாற்காலிக்கு முன்னால் குறுக்கே நின்றாள்.

மனைவி மிரண்டுபோனாள். "என்னக்கா, ஏதாவது மறந்துட்டமா?"

"உன் கையை அவர் நெஞ்சுல வை. இடப்பக்கம். துடிக்குதா?"

அவள் வைத்துப் பார்த்தாள். "பெருசா இல்லையே."

"வலப்பக்கம் வை."

"இங்கதான் அடிக்குது." அவள் சாதாரணமாகச் சொன்னாள். "எப்பவும் இங்கதானே அடிக்கும். எட்டு வருசமா நான் தலை வச்சுப் படுக்கிற பக்கம் அதுதான். எல்லாருக்கும் அங்கதான்னு நெனச்சேன்."

ஒரு டாக்டருக்கும் தெரியாதது இந்தப் பெண்ணின் கன்னத்துக்கு எட்டு வருடமாகத் தெரிந்திருக்கிறது. ஈயக்கா கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியின் பிடியை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"வீட்டுக்குப் போகவேண்டாம். என்கூட வாங்க."

காவலாளி வழிமறித்தான். "அக்கா, டிஸ்சார்ஜ் ஆன ஆளை உள்ள கூட்டிட்டுப் போகக் கூடாது. மேலே கேட்டா நான்தான் வாங்கிக் கட்டிக்கணும்."

"என் பேரைச் சொல்லு. தடுத்தேன், மீறிப் போச்சு அந்தப் பொம்பளைன்னு சொல்லு."

அறுவை அரங்கின் வெளியறையில் பெண் சர்ஜன் நின்றபடியே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சிடுமூஞ்சி என்று பேர் வாங்கியவர்.

"மேடம், ரெண்டு நிமிஷம். கேட்டுட்டுத் திட்டுங்க" என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சர்ஜன் கோப்பையை வைத்துவிட்டு வந்து ஸ்டெதஸ்கோப்பைப் பெயிண்டரின் இடது நெஞ்சில் வைத்தார். பிறகு வலதில். அங்கேயே நெடுநேரம் வைத்திருந்தார். இடது அடிவயிற்றை மெல்ல அமுக்கிச் சட்டென்று விட்டார். அவன் "ஐயோ" என்று துள்ளினான்.

"யார் இவரை வீட்டுக்கு அனுப்பினது?"

"அறிக்கையில எழுதியிருக்கு மேடம். என் பிழைன்னும் எழுதியிருக்கு."

ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் இடது, மண்ணீரல் வலது. இடது அடிவயிற்றில் குடல்வால் வீங்கி, வெடிக்கும் பதத்தில் இருந்தது. மாலைக்குள் அறுவை முடிந்தது. வெளியே வந்த சர்ஜன், பெஞ்சில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்த மனைவியிடம், "ராத்திரி தாங்கியிருக்காதும்மா. இப்ப பயமில்ல" என்றார். அவள் ஈயக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதோடு பெரிய டாக்டர் வாயடைத்துப் போயிருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். மூன்றாம் நாள் அவளுக்கு மெமோ வந்தது. பணியிடத்தை விட்டுச் சென்றது, மேலதிகாரியை மீறியது, விடுவிக்கப்பட்ட நோயாளியைத் தடுத்தது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் இத்தோடு விட்டுவிடுவோம் என்றார் நிர்வாக அதிகாரி.

வீட்டில் கணவன் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டுத் தலையை ஆட்டிட்டு வாயேன். இன்னும் பதினோரு வருசம் அவங்க மூஞ்சியிலதான முழிக்கணும்?"

"நான் என் மூஞ்சியிலயும் முழிக்கணும்ங்க" என்றாள். அதற்குமேல் அவனும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கடிதத்துக்குப் பதிலாக அவள் கொடுத்தது வேறொரு கடிதம். 'நான் எழுத்தைச் சரியான தோளில்தான் ஒட்டினேன். அறிக்கையில் உள்ள "ஊழியரின் பிழை" என்ற வரியை நீக்கவேண்டும். நீக்கும்வரை வாரம் ஒரு கடிதம் தருவேன்.' நிர்வாக அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"உனக்கு இடமாற்றம் வரும், தெரியுமா?"

"வரட்டும் சார். வரியை எடுங்க."

நான்கு கடிதம் ஆயிற்று. ஐந்தாவது கடிதத்தோடு சர்ஜன் தன் அறுவைக் குறிப்பையும் இணைத்து அனுப்பினார். வரி நீங்கியது. இடமாற்றமும் வந்தது. குளிரூட்டிய அறையை விட்டு, நடமாடும் எக்ஸ்ரே மிஷினைத் தள்ளிக்கொண்டு வார்டு வார்டாகப் போகும் வேலை. இளசுகள்கூட முதுகு போய்விடும் என்று ஓடி ஒளிகிற வேலை.

முதல் நாளே மூன்றாம் மாடியில், நெஞ்சில் நீர் கோத்த ஒரு பெரியவருக்குப் படம் எடுக்கவேண்டியிருந்தது. வார்டு டாக்டர் கையில் கோப்புடன் பறந்துகொண்டிருந்தார்.

"படுத்த வாக்கிலேயே ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. நேரமில்ல."

"படுத்தா நீர் முதுகுப் பக்கம் பரவிடும் டாக்டர். எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியாது. தலைப்பக்கம் கட்டிலைத் தூக்கி உக்கார வைக்கணும். நீர் கீழ இறங்கச் சித்த நேரம் விடணும்."

"நான் சொல்றதைச் செய்யுங்க."

அவள் மிஷினின் பிரேக்கைக் காலால் மிதித்துப் பூட்டினாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து இரண்டு தலையணைகளை எடுத்து வந்தாள்.

"ஒரு பக்கம் நீங்க பிடிங்க டாக்டர், இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன். ஐயா, கையை என் தோள் மேல போடுங்க."