ஏரிக்கரையில் நின்ற வேன்

ராஜாராமைப் பொறுத்தவரை ரோடு என்று ஒன்று இருந்தால் அதில் வண்டி ஓடவேண்டும். பதினேழு வருஷமாக வேன் ஓட்டுகிறவன். அமாவாசை தவறாமல் மேல்மலையனூருக்கு ஆள் ஏற்றிப் போவான். ராத்திரி ஊஞ்சல் உற்சவம் முடிந்ததும் அதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு, செஞ்சி வழியாகத் திண்டிவனம் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு இறக்கிவிடுவான். தன் வண்டியில் ஏறியவர் ஒருவரும் ரயிலை விட்டதில்லை என்பதை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவனின் பெண்டாட்டிதான், கார், வேன், டிராக்டர், பைக் எதுவும் ஏறக்கூடாத ஒரு ரோடு வேண்டும் என்று ஊரையே கேட்டவள்.

ரஞ்சிதம் தபால்காரி. செஞ்சியை ஒட்டிய நாலைந்து கிராமங்களுக்குச் சைக்கிளில் போய்த் தபால் கொடுப்பவள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள், மகள் காலேஜில் சேர்ந்ததும் அம்மாவிடம் வந்துவிட்டது. அந்தச் சைக்கிளில் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. ஏரிக்கரைமேல் ஏறி, மதகு தாண்டி, காப்புக்காட்டு ஓரமாக வண்டிப்பாதையில் போய், பாறைக்குன்றுகளைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கரைக்கே வந்து சேரும் வழி. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் காடு, எங்கே திரும்பினாலும் கோட்டை மலை கூடவே வரும்.

ஒருநாள் மெயின் ரோட்டில் லாரிக்குப் பயந்து ஓரம் கட்டி நின்ற நான்கு சைக்கிள்காரர்களை அவள் பார்த்தாள். பாண்டிச்சேரியிலிருந்து மூட்டை முடிச்சுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் சுற்ற வந்தவர்கள். "எம் பின்னாடி வாங்க" என்று தன் வழியில் கூட்டிக்கொண்டு போனாள். கோட்டை பார்க்க வந்தவர்கள் அன்று கோட்டையை மறந்து மதகடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த மாதம் கூட்டாளிகளோடு வந்தார்கள். அப்புறம் சென்னையிலிருந்தும் வந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் சிலரும் தங்கள் பிள்ளைகளின் இலவச சைக்கிள்களைத் துடைத்து எடுத்துக்கொண்டு சேர்ந்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் செங்கல் டிராக்டரும் குறுக்கு வழி தேடும் கார்களும் அவர்களைக் கரையை விட்டுச் சரிவில் இறக்கின. ரஞ்சிதத்துக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் எதையாவது முடிக்காமல் அடங்காது.

பஞ்சாயத்துத் தலைவர் கோவிந்தசாமி ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம காலையில மட்டும் குறுக்கால ஒரு சவுக்குக் கட்டையப் போட்டுக்கோ, கரைமேல வண்டி ஏறாம இருக்கட்டும். பாக்கலாம். ஒரு வண்டி ஏறிடுச்சின்னு எவனாச்சும் வந்து சொன்னான்னா, கட்டைய எடுத்துடுவேன். செங்கச் சூளைக்காரனுங்க டென்ஷன் என்னால தாங்க முடியாது."

விவசாயிகள் சம்மதிப்பார்களா என்று ராஜாராம் கிண்டலாகக் கேட்டான். ரஞ்சிதம் வீடு வீடாகப் போனாள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பிடுங்கி ஆய்ந்த மல்லாட்டையைக் காயப்போட இடம் கிடைக்காமல் அலைகிற காலம் அது. ரோட்டில் போட்டால் வண்டிக்காரன் ஏற்றி நசுக்கிவிட்டுப் போவான். அவள் சொன்னது இவ்வளவுதான்: "சைக்கிளுக்குப் பாதி ரோடு போதும். மீதிப் பாதி உங்களுக்கு. கரைமேலயே காயப்போடுங்க. ஒரு காய் நசுங்காது, அதுக்கு நான் பொறுப்பு."

ஊரே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. இந்த யோசனை தனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வந்திருக்காது என்று ராஜாராமுக்குத் தெரியும். வெளியில் காட்டிக்கொள்ளாமல், "உன் ரோட்டுல ஈ காக்கா கூட வராது, பாரு" என்று மட்டும் சொல்லிவைத்தான்.

மூன்று ஞாயிறு நல்லபடியாகப் போனது. நாலாவது ஞாயிறுதான் கடைசி. சனிக்கிழமை அமாவாசை. அதோடு கூட்டம் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை ரோடு ஓய்ந்திருக்கும் என்று ரஞ்சிதம் நினைத்துக்கொண்டாள். செஞ்சிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் நினைப்பார்கள். போகிற கூட்டத்தை ஊர் வாசலில் நின்று பார்க்கும். திரும்பி வருகிற கூட்டம் ஊர் தூங்கும்போது போய்விடும். அதைப் பார்க்கிறவர்கள் டிரைவர்கள் மட்டும்தான். அவளோ ஒரு டிரைவரின் பெண்டாட்டி. அவனும் அதை யோசிக்கவில்லை, மெயின் ரோடு இருக்கும்போது கரைக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டான்.

அன்று விடியும்போது மெயின் ரோட்டுப் பாலத்தில் கரும்பு டிராக்டர் ஒன்று சாய்ந்து கிடந்தது. ஸ்பெஷல் பஸ்ஸும் வேனும் காரும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றுவிட்டன. ராஜாராமின் வண்டி ஏரிக்கரை பிரியும் இடத்தில் மாட்டிக்கொண்டது. வண்டியில் வியாசர்பாடிக்காரர்கள் பதினோரு பேர், நெற்றி நிறையக் குங்குமமும் கையில் எலுமிச்சம்பழமுமாகத் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்த அமிர்தவல்லி மட்டும் தூங்கவில்லை.

"இன்னாப்பா டிரைவரு, ரயிலு போய்டுமா?"

"போவாதும்மா. எம் வண்டியில வந்தவங்க ரயில வுட்டதே இல்ல."

சொல்லிவிட்டு மணியைப் பார்த்தான். பின்வண்டி டிரைவர் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினான். "அண்ணே, இன்னா நிக்கிற? ஏரிக்கரையில ஏறுண்ணே. பாலத்துக்கு அந்தாண்ட, மெயின் ரோடு வந்து சேர்ற கூட்ரோட்டுல போய் இறங்கிடலாம். நீ போனா நாங்க பின்னாலயே வந்துர்றோம்."

"கரை மூடியிருக்குது."

"சவுக்குக் கட்டதான? அதத் தூக்கிப் போட்டாச்சு."

நிஜமாகவே போட்டிருந்தார்கள். வழி திறந்து கிடந்தது. ராஜாராமின் கை அவனைக் கேட்காமலே கியரைப் போட்டது. முன்சக்கரம் கரையின் ஏற்றத்தில் ஏறியது.

எதிரே, கரைமேல் காயப்போட்டிருந்த விவசாயி தனகோட்டி மல்லாட்டையைப் பலகையால் பரப்பிக்கொண்டிருந்தான். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததை அப்போதுதான் திறந்திருந்தான். ரோட்டின் இடது பாதியில் கண்ணுக்கெட்டியவரை மல்லாட்டை நேர்கோடாகக் கிடந்தது. வேனைப் பார்த்ததும் அவன் ஓடவுமில்லை, கத்தவுமில்லை. பலகையைப் பிடித்தபடி நின்றான்.

"இன்னா ராஜாராமு, உங்க ஊட்டுக்காரம்மா பொறுப்புன்னு சொன்னாங்களே."

ராஜாராம் பிரேக்கை மிதித்தான். அப்புறம் இன்ஜினையே நிறுத்தினான்.

எத்தனையோ தடவை இந்தக் கரையில் வண்டி ஓட்டியிருக்கிறான். இது இப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. மதகில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. காட்டுக்குள்ளிருந்து மயில் ஒன்று அகவியது. கோட்டை மலை முழுசாக ஏரிக்குள் தலைகீழாக இறங்கியிருந்தது. அதற்கு மேலே கரையின் வளைவில், ஒன்றன்பின் ஒன்றாகச் சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன. பளபளக்கிற வெளியூர் சைக்கிள்கள், கேரியர் வைத்த பள்ளிக்கூடத்து சைக்கிள்கள், முன்னால் காக்கிப் பையோடு அவன் பெண்டாட்டி. புகையில்லை, ஹாரன் இல்லை. இத்தனையையும் இவள் ஒருத்தியாகச் செய்தாளா என்று பார்த்தபடியே கதவைத் திறந்து இறங்கினான்.

ரஞ்சிதம் வேனைப் பார்த்தாள். கீழே கிடந்த கட்டையைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"ஏறிட்டியா?"

"இல்ல ரஞ்சி. முன்சக்கரம் மட்டுந்தான், கட்ட இருந்த எடத்த இன்னும் தாண்டல. பாலத்துல கரும்பு லோடு சாஞ்சிட்டுது. இவங்க ரயிலப் புடிக்கணும். நான் இன்னா பண்றதுன்னு எனக்கே தெரியல."

அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எத்தினி பேரு?"

"பதினோரு பேரு."

அவள் சைக்கிள்காரர்களிடம் திரும்பினாள். "பையெல்லாம் அவுத்து இந்த வேன்ல போடுங்க. கேரியர் காலியா இருக்கணும். கூட்ரோடு வரைக்கும் டபுள்ஸ்."

பாண்டிச்சேரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே பைகளைக் கழற்றினார்கள். பைகள் வேனில் ஏறின, ஆட்கள் இறங்கினார்கள். கனத்த ஆட்களைப் பள்ளிக்கூடத்து சைக்கிள்களும் ஒல்லிகளை மற்றவையும் ஏற்றிக்கொண்டன. "ஐயையோ, கண்ணாலத்துக்கு முன்னாடி ஏறினதும்மா" என்று அலறிக்கொண்டே அமிர்தவல்லி ரஞ்சிதத்தின் கேரியரில் உட்கார்ந்தாள். ராஜாராம் செஞ்சியில் இருந்த இன்னொரு வேன் டிரைவர் பிரசாந்துக்குப் போன் போட்டு, அவன் வேனைக் கூட்ரோட்டுக்குக் கொண்டுவரச் சொன்னான். சைக்கிள்கள் மல்லாட்டையில் ஒரு காயையும் தொடாமல் வரிசையாகத் திரும்பிப் போயின.

பின்னால் நின்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நகரு! வண்டி ரிப்பேரா?"

ராஜாராம் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, கட்டை கிடந்த இடத்தில் குறுக்காக நிறுத்தினான். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டான்.

"ரிப்பேர் இல்ல. இது எங்க ரஞ்சிதம் ரோடு. வண்டி ஏறாது. வேணும்னா எறங்கி நடந்து வாங்க."

திட்டினார்கள். அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்தார்கள். அவன் பம்பரின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். சிலர் நிஜமாகவே இறங்கிக் கரைமேல் நடந்தார்கள். நடந்தவர்கள் மதகடியில் முகம் கழுவிக்கொண்டு அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாலம் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக மெயின் ரோட்டில் கலைந்து போயின.

யாரோ சொல்லிக் கோவிந்தசாமி வந்தார். வேனைச் சுற்றி வந்தார். குனிந்து தாரில் டயர் தடம் தேடினார். தனகோட்டி, "ஒரு காய் நசுங்கலிங்க" என்றான். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எப்பவும் ஒரு வேன நிறுத்தி வெக்க முடியாது. நாளைக்கே ஆள வுட்டு ரெண்டு கல்லு நட்டுடறேன். ஞாயித்துக்கெழம மட்டும் இல்ல, தெனமும்தான்."

ராஜாராமுக்கு எழுந்து நிற்கவேண்டும்போல் இருந்தது, நின்றான். அதற்குள் போன் அடித்தது. ரயில் சத்தத்துக்கு மேல் அமிர்தவல்லி கத்தினாள்: "ஏறிட்டோம்பா! எம் புள்ளைங்களுக்கு அந்தச் சைக்கிளுதான் பெருசா போச்சு. அடுத்த அமாவாசைக்கும் அந்த வழியிலயே இட்டுனு வா!"

ரஞ்சிதம் சைக்கிள்காரர்களோடு திரும்பி வந்தபோது வியர்வையில் நனைந்திருந்தாள். தலைவர் சொன்னதைத் தனகோட்டி முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். அவள் கண்ணை முந்தானையால் துடைத்தாள். பிறகு கேரியரைத் தட்டினாள்.

"ஏறு. முழுசா சுத்திக் காட்டறேன்."

"வண்டி?"

"அது பாட்டுக்கு நிக்கட்டும்."

தனகோட்டி பார்த்துக்கொண்டிருந்தான். பாண்டிச்சேரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று தெரிந்தும் ராஜாராம் ஏறி உட்கார்ந்தான். சைக்கிள் மதகைத் தாண்டியது. காட்டின் நிழல் அவர்கள்மேல் விழுந்தது. அவள் பெடலை அழுத்தி வேகமாக மிதித்தாள்.

"ரஞ்சி, மெதுவா போ" என்றான், பதினேழு வருஷமாக ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த ராஜாராம்.