திருவெள்ளறை ரோட்டைத் தாங்கும் ஆக்ஸில்

அற்புதம்மாளின் கார் பாலக்கரையில் இருந்த ஜெகபர் அலியின் பட்டறைக்கு லாரி மேல் ஏறி வந்தது. பின்சக்கரம் ஒன்று கழன்று தனியாகக் கிடந்தது. அலி கீழே குனிந்து ஆக்ஸிலைப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றும் தண்டு இரண்டாக முறிந்திருந்தது. எந்த இடத்தில் முறிந்திருக்கும் என்பது பார்க்காமலே அவருக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் வெல்டிங் வைத்த அதே இடம்.

அற்புதம்மாள் பிரசவம் பார்க்கும் நர்ஸ். முப்பத்தெட்டாம் வருஷத்து அந்தக் கருப்புக் காரை டாக்டராக இருந்த அவருடைய கணவர் வைத்துவிட்டுப் போயிருந்தார். மண்ணச்சநல்லூர், திருவெள்ளறைப் பக்கத்து ஊர்களில் எந்தப் பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானாலும் அந்தக் கார்தான் போகும். தண்டில் விரிசல் கண்டபோது புதுசு மெட்ராஸிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அந்த அம்மாள் தினமும் ஆள் அனுப்பி அவசரப்படுத்தினார். அலி விரிசலை வெல்டிங் வைத்து மூடி, "சரி பண்ணியாச்சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெல்டிங் வைத்ததை மட்டும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை உச்சி வெயிலில் திருவெள்ளறையிலிருந்து பொன்னுத்தாய் என்ற பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வரும் வழியில் வண்டி உட்கார்ந்துவிட்டது. மாட்டுவண்டி பிடித்து ஏற்றினார்கள். குழந்தை வண்டியிலேயே பிறந்தது. உதிரப்போக்கு நிற்கவில்லை. கொள்ளிடம் பாலத்துக்கு வருவதற்குள் பொன்னுத்தாய் போய்விட்டாள்.

கார் வந்து சேர்ந்த மறுநாள் அற்புதம்மாள் பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எப்படி முறிஞ்சுது பாய்?"

"வெல்டிங் வச்ச தண்டும்மா அது. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அந்த அம்மாள் முறிந்த தண்டைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "சொல்லியிருந்தா நான் வண்டியை எடுத்திருக்கவே மாட்டேனே" என்றார். அலிக்கு அந்தக் குரல் அடித்ததைவிட வலித்தது.

வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார் என்றுதான் அவர் நினைத்தார். அந்த அம்மாளோ, "இனிமே முறியாம என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்க" என்றார்.

இந்தத் தடவை அலி எதையும் மறைக்காமல் சொன்னார். அதே மாடல் தண்டு புதுசாக வாங்கினால் கார் பழைய மாதிரியே இருக்கும். ஆனால் டவுனில் ஓட்டச் செய்த தண்டு, வண்டிப்பாதைக் குழிகளில் மறுபடியும் ஒருநாள் முறியலாம். யுத்த காலத்து ராணுவ வேன் ஒன்றின் பின் ஆக்ஸில் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது. இதைப்போல ஒன்றரை மடங்கு பருமன். அதை முழுசாக மாட்டலாம்.

"அதுல கஷ்டம் என்ன?"

"அகலம் ஜாஸ்திம்மா. ரெண்டு பக்கமும் மட்கார்டை வெட்டணும். டாக்டர் அய்யா வச்சிருந்த அழகு போயிடும். வேகமும் குறையும். நாப்பது மைலுக்கு மேல இழுக்காது."

"அழகு கெடக்கட்டும். அவசரத்துக்குப் போற வண்டி பாய், வேகம் வேணாமா?"

"அந்த ரோட்டுல நாப்பதுல போக எடம் எங்கம்மா இருக்கு? வேகமா போறதைவிட போய்ச் சேரணும்."

அற்புதம்மாள் கார்ப் பக்கம் போய், வளைந்து இறங்கிய மட்கார்டைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "வெட்டிடுங்க" என்றார்.

பத்து நாள் வேலை. அலி அந்த ராணுவ ஆக்ஸிலை வாங்கி வந்து கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; மட்கார்டுகளை வெட்டி அதை மாட்டினார். பிறகு காரில் ஆறு ஆள் கனத்துக்கு மணல்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தானே திருவெள்ளறைக்கு ஓட்டிப் போனார். ஒரு குழியைக்கூட ஒதுக்கி ஓட்டவில்லை. ஆக்ஸில் அசையவில்லை.

ஊருக்குள் பொன்னுத்தாயின் புருஷன் வள்ளிக்கண்ணு வீட்டை விசாரித்துப் போனார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. வள்ளிக்கண்ணு வாசலுக்கு வந்தார்.

"அந்தக் கார்ல பழுதான தண்டை வெல்டிங் வச்சு மாட்டினது நான்தாங்க. யார்கிட்டயும் சொல்லல. ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

வள்ளிக்கண்ணு அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்குக் கார் வருதுன்னு ஒரு மணி நேரம் காத்திருந்தோங்க. இல்லேன்னா காலையிலேயே மாட்டுவண்டியில கெளம்பியிருப்போம்."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அலி மணல்மூட்டைகளோடு திரும்பி வந்தார்.  அன்று தொழுகையில் நின்றபோதும் அவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நினைவில் இருந்தது.

அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஒட்டுப்போட்ட பாகத்தைச் சொல்லாமல் அவர் அனுப்பியதில்லை. சில பேர் பயந்துபோய் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள்.

நான்கு வருஷம் கழித்து எண்ணெய் மாற்ற வந்த அற்புதம்மாள் ஒரு விஷயம் சொன்னார். வள்ளிக்கண்ணுவின் மகளுக்குத் தொண்டையடைப்பான் கண்டு, முந்தின வாரம் அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்களாம். பிள்ளை பிழைத்துக்கொண்டதாம்.

"ஏறினாரா அவரு?"

"ஏறுறதுக்கு முன்னால தரையில படுத்து வண்டிக்கு அடியில பாத்தாரு பாய். அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஏறினாரு."

"ஏதாவது கேட்டாரா?"

"ஒண்ணும் கேக்கல."

அலி தலையாட்டிவிட்டு, ஜாக்கியை எடுத்துவரப் போனார்.