மரத்தில் மாட்டிய மஞ்சள் பை

விரிப்பை உதறிக் கட்டிலில் போட்டு, நான்கு மூலையையும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுப் பச்சையம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். இரண்டாவது மாடியில் இன்னும் பாதி அறைகள் பாக்கி. மாப்பிள்ளை வீட்டார் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிடுவார்களாம். அதற்குள் எந்த அறையிலும் நேற்றைய ஆளின் தலைமுடி கிடக்கக் கூடாது, சோப்புத் துண்டு கிடக்கக் கூடாது, குழாயெல்லாம் பளபளக்க வேண்டும். இந்த உப்புத் தண்ணீரில் துடைத்த குழாய் எந்த ஜென்மத்தில் பளபளத்தது? ஆனால் மேனேஜர் சக்திவேல் காலையிலேயே மாடிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"யக்கா, இன்னிக்கு மட்டும் ஒரு கம்ப்ளைண்டு வரக் கூடாது. ஒரு ரூம்பு தவுர மாடி மொத்தமும் கல்யாண பார்ட்டி. நல்லபடியா முடிஞ்சிதுன்னா உன் பேர ஈஎஸ்ஐல சேத்துடறேன்னு முதலாளி சொல்லிட்டாரு. நான்தான் பேசி வெச்சிருக்கேன்."

அந்த ஈஎஸ்ஐ அட்டைக்காகத்தான் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். வீட்டில் புருஷன் சுப்பராயலுவுக்குச் சர்க்கரை. கால் கட்டைவிரல் கறுத்துப் போய்க் கிடக்கிறது. "இப்ப காட்டினா விரலோட போவும், வுட்டா காலோட போவும்" என்று மருந்துக்கடைக்காரர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். அட்டை கைக்கு வந்தால் மறுநாளே அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். சேர்த்துடறேன், சேர்த்துடறேன் என்று போன தீபாவளியிலிருந்து சொல்கிறார்கள். இன்றைக்காவது வாய்க்க வேண்டுமே கடவுளே என்று இருந்தது அவளுக்கு.

தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது அந்த இடம். பலகையில் என்னவோ ரெசிடென்சி என்றுதான் போட்டிருக்கிறது. ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அது லாட்ஜ். மறைமலை நகர் கம்பெனிக்கு இன்டர்வியூ வருகிற பையன்கள், சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வேண்டிக்கொண்டு வருகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு இராத் தங்க வருகிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். வந்தவர் என்ன வேலையாக வந்தார் என்று அறையைக் கூட்டும்போதே பச்சையம்மாவுக்குத் தெரிந்துவிடும். இன்டர்வியூ பையன்கள் இஸ்திரிப் பெட்டியால் தலையணையைச் சுட்டு வைப்பார்கள். கோவிலுக்கு வந்தவர்கள் குங்குமக் கையைத் துண்டில் துடைப்பார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அறையில் ஒன்றுமே கலைந்திருக்காது. தூங்கியிருந்தால்தானே கலையும்!

206-ல் இருக்கும் ஷ்யாம்சுந்தர் சார் அந்த ரகம். குரோம்பேட்டைப் பக்கம் ஏதோ ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்திருந்தார். பல நாளாக இதே அறைதான். பார்த்தால் ஒரு சிரிப்பு, ஒரு "தேங்க்ஸ்மா". கல்யாண அறைகளுக்கு முதலாளி புது வெள்ளை விரிப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். அது 206-க்குக் கிடையாது. பச்சைக் கோடு போட்ட பழைய விரிப்பை எடுத்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினாள்.

"ரூம் க்ளீன் பண்லாமா சார்? அம்மாக்கு எப்டி கீது?"

அவர் கட்டிலில் செருப்போடு உட்கார்ந்திருந்தார். முகம் மழிக்கவில்லை.

"அம்மா போயிட்டாங்கம்மா. முந்தாநாள். நேத்து இங்கயே மின்மயானத்துல எல்லாம் முடிச்சிட்டேன்."

"ஐயோ, சாமி..." என்றாள். அப்புறம்தான் டிவி மேஜையைப் பார்த்தாள். கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுப்பார்களே, அந்த மஞ்சள் துணிப்பை ஒன்று அங்கே இருந்தது. அதற்குள் சிவப்புத் துணியால் வாய் கட்டிய மண் கலயம். தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"தங்கச்சி நாளைக்குக் காலைல ட்ரெயின்ல வரா. அவ வந்ததும் ராமேஸ்வரம் போய்க் கரைக்கணும். அதுவரைக்கும் எங்க வைக்கறதுன்னு தெரியலம்மா. அம்மா துணி வச்சிருந்த பைதான் கைல இருந்துது, அதுலயே வச்சிட்டேன்."

"இத்த உள்ள வெக்கக் கூடாது சார். மனுசங்க பொழங்கற எடம். வெளிய மரத்துலதான் கட்டணும். அதுவும் பக்கத்து ரூம்புல மாப்ள எறங்கறாரு சார் இன்னிக்கி!"

"எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லலையேம்மா. ரிசப்ஷன்ல சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு..." அவர் குரல் உடைந்து போயிற்று. இத்தனை பெரிய மனுஷர் அழுகிறதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

வெள்ளம் வந்த வருஷம் மாமியார் கங்கையம்மாள் செத்தபோது, முடிச்சூர் வீட்டு வாசல் முருங்கை மரத்தில்தான் கலயத்தைக் கட்டினார்கள். மறுநாள் கடலுக்குக் கொண்டுபோவதாக இருந்தது. இரவோடு இரவாகத் தண்ணீர் வந்து மரத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. "எங்கம்மாவ நான் ஆத்துல வுடல. ஆறே வந்து இட்டுகினு போச்சு" என்று சுப்பராயலு இன்றைக்கும் சொல்லி மூக்கைச் சிந்துவான். பச்சையம்மா பையைக் கையில் எடுத்தாள்.

"நீ அழாத சார். பின்னால புங்க மரம் கீது. நான் பாத்துக்கறேன்."

பின்படி வழியாக இறங்கினாள். தொட்டிக்குப் பக்கத்துப் புங்க மரத்தில்தான் அவளும் கூட வேலை செய்யும் ஈவ்லினும் சாப்பாட்டுப் பைகளை மாட்டுவார்கள். அவற்றை எடுத்து ஜன்னல் கம்பிக்கு மாற்றிவிட்டு, மஞ்சள் பையை ஒரு கிளையில் மாட்டினாள். காக்காய் கொத்திவிடப் போகிறதே என்று பையின் வாயைச் சணல் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஈவ்லின் ஈரக்கையோடு எழுந்து வந்தாள்.

"யாருதுடி பச்ச?"

"206 சாரோட அம்மாது."

ஈவ்லின் சிலுவை போட்டுக்கொண்டாள். "மேனேஜர் காதுல போட்டுடு. அப்புறம் உன் தலைய உருட்டுவாங்க."

அதுவும் சரிதான் என்று வாசலுக்குப் போய்ச் சக்திவேலிடம் சொன்னாள். அவன் வாழைமரம் கட்டுகிறவர்களிடம் கத்திக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் அவன் முகம் வெளுத்தது.

"இன்னாக்கா பேஜாரு இது! சரி, அவரு ரொம்ப நாள் தங்கின கஸ்டமரு, நெட்டுல அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போவாரு. மனசு நோவ வேணாம். யார் கண்ணுலயும் படாம வெய்யி, அவ்ளோதான்."

மனசு லேசாகிப் போய் அவள் 206-ல் பச்சைக் கோடு விரிப்பை விரித்துவிட்டு மிச்ச அறைகளை முடித்தாள்.

வேன்கள் வந்தன. மதுராந்தகம் பக்கத்து ஆட்கள். வாசலில் ஆரத்தி, பட்டுப்புடவைச் சரசரப்பு, குழந்தைகளின் ஓட்டம். ஏசி ஓடவில்லை, வெந்நீர் வரவில்லை, இன்னொரு தலையணை வேண்டும், இந்தத் தலையணை நாறுகிறது என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். மாடிக்கும் கீழுக்குமாக ஓடியதில் பச்சையம்மாவுக்கு முட்டி விட்டுப்போயிற்று. இருந்தாலும் ஒருவர் வாயிலிருந்தும் கம்ப்ளைண்டு என்ற வார்த்தை வரவில்லை. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, சுத்தமா வச்சிருக்கீங்க" என்றாள். அட்டை பாதி கைக்கு வந்துவிட்டதாகவே பச்சையம்மா நினைத்தாள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர். கல்யாணம் தன் தலையில்தான் நடக்கிறது என்கிற மாதிரி எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு திரிந்தார். அவர்கள் கொண்டுவந்த தாம்பூலப் பை மூட்டைகளைப் பின்பக்கத் தாழ்வாரத்தில்தான் இறக்கியிருந்தார்கள். எல்லாம் மஞ்சள் பை. அதைப் பார்க்கப் போனவர் கண்ணில் மரத்துப் பை பட்டது. தங்கள் ஆள்தான் எவனோ பொறுப்பில்லாமல் மாட்டியிருக்கிறான் என்று கழற்றினார். தேங்காய் கனம் கனத்தது. வாய் வேறு கட்டியிருந்தது. கையில் பிடித்தபடியே ஹாலுக்குள் வந்தார்.

"எவன்டா நம்ம தாம்பூலப் பைய மரத்துல கொண்டுபோய் மாட்டினவன்? ஒரு பொருள்மேல அக்கறை இருக்கா உங்களுக்கு?"

கீழே ஜமக்காளத்தில் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. பழத்தட்டுக்கும் பூத்தட்டுக்கும் நடுவில் பையை வைத்தார். அத்தை முடிச்சை அவிழ்த்து, தேங்காயை எடுக்கக் கையை உள்ளே விட்டாள்.

அவள் போட்ட கூச்சலில் மேளக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பச்சையம்மா துடைப்பத்தோடு மாடிப்படியின் கீழே நின்றிருந்தாள். சத்தம் கேட்டு ஷ்யாம்சுந்தர் சாரும் பாதிப் படி இறங்கி வந்து நின்றார். ஹாலே கொந்தளித்துப் போயிருந்தது. யாருது, யாரு வச்சது, எங்களக் கூட்டி வச்சு அசிங்கப்படுத்தறீங்களா என்று சித்தப்பா சக்திவேலின் சட்டையைப் பிடிக்காத குறை. சக்திவேல் படியில் நின்ற சாரை ஒரு பார்வை பார்த்தான். கீழே நின்ற பச்சையம்மாவை ஒரு பார்வை பார்த்தான்.

"ஏன்க்கா, உங்க வூட்டுதெல்லாம் எதுக்குக்கா இங்க எடுத்தாந்த?" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தம்பி, இது..." என்று ஆரம்பித்தாள். சார் வாயைத் திறப்பார் என்று மேலே பார்த்தாள். சார் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை.

சக்திவேல் கிட்டே வந்து அவள் கையைப் பிடிக்கிறவன் போலக் குனிந்தான். "யக்கா, இப்ப ஆமான்னு சொல்லிடு. கஸ்டமர மாட்டிவுடக் கூடாது. ஈஎஸ்ஐக்கு நான் பொறுப்பு, எங்கம்மா மேல சத்தியம்."

சுப்பராயலுவின் கறுத்த விரல்தான் அவள் கண்ணில் வந்து நின்றது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க. எங்க வூட்டுதுதான். தெரியாம வெச்சிட்டேன், மன்னிச்சிருங்க."

திட்டு வாங்கினால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். விரிப்பைத் தடவிப் பார்த்துப் பாராட்டிய அதே முகம்தான்.

"இவதானே மாடியில எல்லா ரூமும் பண்ணினவ? அடிப்பாவி, சாவுத் தீட்டோடயா மாப்பிள்ளை கட்டில்ல துணி விரிச்ச?"

அதற்கப்புறம் யாரும் கலயத்தைப் பற்றிப் பேசவில்லை. அவள் தொட்ட விரிப்பு, அவள் தொட்ட துண்டு, அவள் தொட்ட தண்ணீர்க் குடம் என்று பேச்சு போயிற்று. அத்தனையையும் துவைக்க வேண்டும், அறைகளைக் கழுவ வேண்டும், இவள் இந்தக் கட்டடத்திலேயே இருக்கக் கூடாது, முடியாதென்றால் இப்போதே வேறு லாட்ஜுக்குப் போகிறோம் என்றார் சித்தப்பா. சக்திவேல் முதலாளிக்குப் போன் போட்டுத் தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். திரும்பி வந்தபோது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கெளம்புக்கா. இனிமே வர வேணாமாம்."

"தம்பி, நீதான சொன்ன? உன்கிட்ட முன்னாடியே சொன்னேனே தம்பி!"

"சொன்ன, இல்லேங்கல. அவரு கேக்க மாட்டேங்கறாரு. நான் இன்னா பண்றது சொல்லு? அந்தப் பையையும் இங்கேர்ந்து எடுத்துக்கினு போய்டு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

பை சீர்த்தட்டுகளுக்கு நடுவில் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. பச்சையம்மா ஜமக்காளத்தை மிதிக்காமல் எட்டி அதை எடுத்துக்கொண்டாள். ஒரு கையில் அது, இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை. யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள்.

தெருமுனையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஷ்யாம்சுந்தர் சார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. மனசு மாறித்தான் வருகிறார், உள்ளே வாங்கம்மா நான் சொல்றேன் என்று கூப்பிடப் போகிறார் என்று ஒரு கணம் நம்பிவிட்டாள்.

"அம்மா, நான் சொல்லியிருக்கணும். இந்த நிலைமைல ரூம் போச்சுன்னா எங்க போறதுன்னு..." அவர் பையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. "நாளைக்குக் காலைல தங்கச்சி வந்ததும் உங்க வீட்டுக்கே வந்து வாங்கிக்கறேன். அதுவரைக்கும் இது உங்ககிட்ட இருக்கலாமா? என்னால இதை மறுபடி உள்ள எடுத்துட்டுப் போக முடியாதும்மா."

அவளுக்கு ஒரு வசவு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கண்ணை மூடி விழுங்கிக்கொண்டாள். பைக்குள் இருப்பவள் என்ன பாவம் செய்தாள்?

"முடிச்சூர் புள்ளையார் கோயில் பின்னால வந்து சுப்பராயலு வூடுன்னு கேளு. அம்மா பேரு இன்னா சார்?"

"வேதவல்லி. ஏம்மா?"

"எங்க வூட்டு ஆளுன்னு சொல்லிட்டேன்ல. பேரு தெரியாம எப்டி இட்டுகினு போறது?"

அவர் லாட்ஜுக்கே திரும்பி நடந்தார். வாசலில் மேளம் மறுபடி ஆரம்பித்திருந்தது. வாழைமரத்துக்கு அடியில் பன்னீர் தெளிக்க நின்ற பெண் அவரையும் கல்யாணத்துக்கு வந்தவர் என்று நினைத்துத் தெளித்தாள். அவர் உள்ளே போனார்.

ஆட்டோ வருகிறதா என்று பார்க்கத் திரும்பியவள் மொட்டை மாடியைப் பார்த்தாள். ஈவ்லின் அங்கே விரிப்புகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பச்சையம்மா காலையில் விரித்த புது விரிப்புகள். ஒருவர்கூடப் படுத்து எழுந்திருக்கவில்லை. கொடி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தொங்கித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. பச்சைக் கோடு போட்ட பழைய விரிப்பை மட்டும் அங்கே காணவில்லை. அதைத் துவைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது 206-ல், அவள் விரித்தபடியே, கட்டிலின் மேல் இருந்தது.