ஓரத்தில் இருந்தவர்

அப்பாவின் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவளின் கட்டைவிரலைச் சித்தப்பா பார்த்துவிட்டார். நகத்தடியில் பழுப்புக் கறை.

"கையக் கழுவிட்டு வந்து தொடும்மா."

"கழுவினாலும் போகாது சித்தப்பா. லேப் சாயம்."

நேற்று கையுறை கிழிந்ததுகூடத் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் அப்பா போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இடுப்பு வலி என்று தன் காலால் நடந்து போன மனிதர், இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. புராஸ்டேட் சுரப்பியில் புற்று, எலும்பு வரை பரவிவிட்டது என்றார்கள். வீட்டில் இன்னும் ஒருவருக்கும் அது மண்டையில் ஏறவில்லை. அம்மா அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைப்பதும், மறுபடி எடுத்துத் துடைப்பதுமாக இருந்தாள்.

சித்தப்பா பஸ் ஓட்டுபவர். மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவார்.

"அஞ்சாறு வருஷம் முன்னாடி இதே இடத்துலதானே ஆபரேஷன் பண்ணாங்க? வெட்டின சதையை உங்க லேப்லதானே பாத்தீங்க? வெறும் வீக்கம், ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் அடுத்த பித்தானுக்குப் போனாள். அன்று அந்தச் சதைக்குச் சாயம் போட்டவளே அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. சதைக்குள் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து நிறமேற்றுகிற சாயம் அது. நல்ல சுரப்பி என்றால் சுற்றிலும் பழுப்பு வளையம் விழும். புற்று என்றால் விழாது. சாயம் தாறுமாறாகப் பிடித்தால் இல்லாத வளையமும் இருப்பதுபோல் காட்டும். அன்று தன் கைதான் தவறிவிட்டதோ? நோய் தெரிந்த நாளிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. யாரிடமும் வாய் திறக்கவில்லை.

துக்கம் கேட்க லேபின் பெரிய டாக்டரம்மா வந்தார். அவரைக் கையோடு சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"மேடம், மெழுகுல பதிச்சு வச்ச அப்பாவோட பழைய சதை இன்னும் இருக்கா? திரும்பச் சாயம் போட்டுப் பாக்கணும். நான் தப்பு பண்ணியிருந்தா எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

டாக்டரம்மா சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.

"திரும்பப் போட வேண்டாம்மா. தினமும் போட்டுட்டுதான் இருக்கோம்."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"சாயம் சரியா பிடிக்குதான்னு பாக்க ஒவ்வொரு கண்ணாடி ஸ்லைடு ஓரத்துலயும் ஒரு நல்ல சதைத் துண்டு வைக்கிறியே, அது உங்கப்பாவோடதுதான். அவ்வளவு முழுசா வளையம் விழற சதை வேற அமையல. நான்தான் எடுத்து வச்சேன். உங்கிட்ட சொன்னா கை நடுங்கிடும்னு சொல்லல." அவள் பக்கம் திரும்பினார். "உன் மேல தப்பே இல்ல. அன்னிக்கு எடுத்தது நல்ல சதை. உள்ள விட்டு வச்ச பகுதியில பின்னாடி வந்திருக்கு."

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நோய் தெரிந்தபோது எடுத்த அப்பாவின் புதிய சதைக்கும் அவள்தான் சாயம் போட்டாள். அந்த ஸ்லைடு இப்போது கண்முன் வந்து நின்றது. நடுவில் ஒரு வளையம்கூட இல்லை. ஓரத்தில் மட்டும் வளையம் வளையமாகப் பழுப்பு. யார் பெற்ற பிள்ளையோ, கொடுத்து வைத்தவர் என்று ஓரத்தில் இருந்தவரைப் பார்த்து அன்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவர் வீட்டில் இந்நேரம் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்றுகூட நினைத்தாள்.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எழுந்து கூடத்துக்குப் போனாள்.

"கழுவிட்டியாம்மா?" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா."

கழுத்துப் பித்தான் ஒன்று பாக்கியிருந்தது. குனிந்து அதே பழுப்பு விரலால் அதைப் போட்டுவிட்டாள்.